சமையலறைத் தரையின் ஆழம்

ஃபால்மவுத் துறைமுகத்தில் டாக்டர் டென்சில் ட்ரெகீர் வீட்டுச் சமையலறைத் தரை, குனிந்து சொன்ன எதையும் எட்டு வருஷம் கழித்துத் திருப்பிச் சொல்லும். 1952 ஜனவரியில் தேநீர்க் கெண்டியைக் காலில் போட்டுக்கொண்டு, குனிந்து பாதத்தைப் பிடித்தபடி அவர் கத்திய கெட்ட வார்த்தை, 1960 ஜனவரியில் பாதிரியார் விருந்துக்கு வந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. கடலடிக்கு ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் அளக்கிறவர் வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ஊர் விட்டுவிட்டது.

வருஷத்தில் பத்து மாதம் அவர் கப்பலில். மனைவி மோர்வென்னாவுக்குச் சுவர்தான் துணை. அதே 1960 பிப்ரவரியில் அவர் பெட்டி கட்டும்போது, "கடலையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினே?" என்றாள். அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கப்பலுக்குப் போனார். மார்ச்சில் நெஞ்சடைத்துச் செத்துப்போனாள், பாவம். முதல் நாள் அவள் தரையில் மண்டியிட்டு ஏதோ சொன்னதைப் பக்கத்து வீட்டு மிஸஸ் கர்னோ ஜன்னல் வழியே பார்த்தாள், என்னவென்று காதில் விழவில்லை. கோபத்தோடு போனாளா, மனசாறிப் போனாளா? ட்ரெகீருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எதிரொலி போய்வரும் நேரத்தைப் பாதியாக்கினால்தான் ஆழம் வரும். முப்பது வருஷமாகப் பாதியாக்கிய கை, எட்டையும் பாதியாக்கி நோட்டில் நான்கு என்று எழுதியது. 1964 மார்ச் முழுக்கத் தரையில் காது வைத்துக் கிடந்தார். ஒன்றும் வரவில்லை. தன்னோடு பேசப் பிடிக்காமலே போய்விட்டாள் என்று முடிவுகட்டிக் கப்பலேறினார்.

1968 மார்ச்சில், இந்தியப் பெருங்கடல் நடுவே, பாதியாக்க மறந்த ஒரு மாணவனைத் திட்டினார். "ஆழத்துக்குத்தான்யா பாதி! காத்திருக்கறதுக்கு முழு நேரமும் வேணும்!" சொன்னதும் தன் பழைய நோட்டைத் தேடியெடுத்து, நான்கை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

அவர் வீடு சேர ஏப்ரல் ஆகிவிட்டது. அவர் இல்லாதபோது வீட்டைத் தூசி தட்ட வாராவாரம் வரும் மிஸஸ் கர்னோ சமையலறையிலேயே மறித்தாள்.

"போன மாசமே வந்துடுச்சு டாக்டர். 'டென்சில், பூட்ஸை வாசல்லயே கழட்டிட்டு வா, இப்பத்தான் தரையைத் துடைச்சேன். சூப் சூடா இருக்கு'ன்னா."

"கோபமாவா சொன்னா?"

"கோபமா? இன்னிக்கே நீங்க வந்துடுவீங்கன்னு நெனைச்ச மாதிரி சொன்னா."

ட்ரெகீர் வாசலுக்குப் போய் பூட்ஸைக் கழற்றினார். காலுறையோடு வந்து மண்டியிட்டு, "கழட்டிட்டேன், மோர்வென்னா. இனிமே எங்கயும் போகலை" என்றார். போகவுமில்லை. ஆறு வருஷம் அந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கண்ணை மூடினார்.

1976 ஏப்ரலில் அந்தப் பதில் வந்தபோது அங்கே குடியிருந்தது ஒரு பல் டாக்டர் குடும்பம். மிஸஸ் கர்னோ முன்பே சொல்லிவைத்திருந்ததால் யாரும் திடுக்கிடவில்லை. குரல் முடியும்வரை கரண்டியைக் கீழே வைத்திருந்தார்கள். பிறகு மீன் ஆறிப்போகுமென்று சாப்பிட்டார்கள்.