முப்பது நாள் மெஷின்

கட்டாயம் ஒன்றும் இல்லை, முப்பது நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் சூசையப்பன் அந்தப் பேச்சு மெஷினை யூனியன் ஆபீஸில் இறக்கிவிட்டுப் போனான். எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராக மெஷின் காட்டித் திரிகிறவன் அவன். நாம் வாயால் சொன்னால் போதுமாம், உள்ளே மாட்டியிருக்கிற நீலப் பட்டை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் சாவகாசமாக ஓடவிட்டு, கேட்டு எழுதிக்கொள்ளலாம். பத்து வருஷமாகக் கை வலிக்க மனு எழுதியே தேய்ந்துபோன யூனியன் கிளார்க் சங்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. எழுபத்துநாலில், மூணாறுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் ரேடியோவே நாலு வீட்டில்தான் இருந்தது.

பதினாலாம் நாள் ஃபாக்டரி வேலையாள் ராக்கப்பனின் கை ரோலரில் போனது. டீ ஃபாக்டரியில் கொழுந்தைப் பிசைகிற ரோலர் அது. தோள்வரைக்கும் இழுத்துவிட்டது. "குடிச்சுட்டுக் கையை விட்டான்" என்று எஸ்டேட் ஆபீஸ் அன்று மத்தியானமே எழுதிவிட்டது, அவ்வளவு அவசரம் அவர்களுக்கு. தப்பு அவன்மேல் என்று ஆகிவிட்டால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டு. பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போச்சு. அவன் பெண்டாட்டி சின்னத்தாயும் ஆறு வயசு மகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கே போவார்கள்? மலைக்குக் கீழே அவர்களுக்கு என்று ஒரு ஓலைக்கீற்று உண்டா?

சங்கையா மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். கம்பவுண்டர் எல்லாரையும் வெளியே தள்ளியிருந்தான், சின்னத்தாய் உட்பட. ராக்கப்பன் மூச்சைப் பிடித்துப் பிடித்து மூன்று நிமிஷம் பேசினான். ரோலரில் கொழுந்து அடைத்துக்கொண்டது, நிறுத்தாமலே கையை விட்டு எடுடா என்று ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் சொன்னார் என்று. என்ன நேரம், எந்த ரோலர், எந்த வார்த்தை, பக்கத்தில் யார் நின்றது, எல்லாம் சொன்னான். ஆனால் டீமேக்கர் என்பது காதில் விழுந்ததோடு சரி, மற்றதைச் சங்கையா காது கொடுத்துக் கேட்கவில்லை. பட்டை சுற்றுகிறதா, விளக்கு எரிகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின்தான் கேட்கிறதே, நாம் வேறு எதற்கு மெனக்கெடணும் என்று இருந்துவிட்டார். அந்தப் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது, சொல்லுங்கள்.

மறுநாள் விடியும்போது ராக்கப்பன் போய்விட்டான். அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து சாயங்காலம் பேப்பரும் பேனாவுமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தார் சங்கையா. சின்னத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, பதினாறு கழியட்டும்ணே. அதுவரைக்கும் அவுக கொரலை எழுப்பாதீக."

"விசாரணைக்கு எழுதணும் தாயி."

"இங்கனதானே சுத்திக்கிட்டிருப்பாக. தன் கொரலைத் தானே கேட்டா எப்படிப் போவாக? ஒங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

மெஷினில் பேசிவிட்டுச் செத்தவனுக்கு என்ன முறை என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. லயத்துக்காரர்களே கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள்: கருமாதி முடிகிறவரை குரல் வெளியே வரக்கூடாது. சங்கையாவும் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தானே, மனசு கேட்குமா? பேனாவை மூடிவிட்டார்.

பதினாறாம் நாளும் முப்பதாம் நாளும் ஒரே நாளில் வந்து விழுந்தது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. சூசையப்பன் நம்ம ஆள், ஒரு நாள் கேட்டால் தரமாட்டானா என்று தைரியம். ஆற்றங்கரையில் காரியம் முடித்து, ஈரத்தலையோடு ஆபீஸுக்கு வந்தால் மேஜை காலி. கூட்டுகிற மருதாத்தாள், "காலையிலேயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே, இதைக் குடுக்கச் சொன்னாரு" என்று நீலப் பட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

ஜீப்பில் தொற்றிக்கொண்டு மூணாறுக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் சூசையப்பனைப் பிடித்தார்.

"அதான் பட்டையைக் குடுத்துட்டேனேண்ணே. அதுல பதிஞ்சது ஒங்களோடது, அதைக் கம்பெனி கேக்காது. மெஷின் மட்டுந்தான் கம்பெனியோடது."

"மெஷின் இல்லாம இதை வச்சு நான் என்னய்யா பண்ண? நாக்குல வச்சு நக்கவா? நாளைக்கு விசாரணை."

"வேற மெஷின்ல இது பேசாதுண்ணே. வாங்கியிருந்தீகன்னா..." சூசையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னைக்குத்தான் அடுத்த ஆளுக்கு முப்பது நாள் குடுத்துட்டு வாறேன்."

"யாருக்கு?"

"ஒங்க எஸ்டேட் ஆபீசுக்கு."

செத்தவன் யார்மேல் விரல் நீட்டினானோ அவர்கள் வீட்டில்தான் அவன் வாய் இருக்கிறது. திரும்பி வருகிற வழியெல்லாம் சட்டைப் பையில் கையை வைத்து அந்தப் பட்டையைப் பொத்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் விசாரணை. வந்திருந்த லேபர் ஆபீசர் மலையாளி, கெட்டவர் என்று சொல்ல முடியாது. "தெளிவு எந்தா உள்ளது?" என்று கேட்டார். சாட்சியத்துக்கு அங்கே அதுதான் வார்த்தை. சங்கையா பட்டையை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். ஆபீசர் உடனே மெஷினைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். சின்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் ஓட்டுறேன் சார், எனக்குப் பழக்கம்" என்று சங்கையா எழுந்தார்.

"ஆபீஸ் சாமானை வெளியாள் தொடக்கூடாது" என்றார் மேனேஜர். பெரிய கிளார்க் பவுல்ராஜ் முன்னால் வந்தார். முந்தின நாள்தான் மெஷினைக் கண்ணால் பார்த்த மனுஷர். பட்டையை மாட்டி, ஒரு விசையை அமுக்கினார். பட்டை சுற்றியது. சத்தம் இல்லை.

"ஆரம்பத்துல கொஞ்சம் வெறுமனே ஓடும் சார்" என்றார் பவுல்ராஜ்.

எல்லாரும் காத்திருந்தார்கள். இறந்துபோனவனின் குரல் வரப்போகிறது என்று டீமேக்கர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். பின் பெஞ்சில் இருந்த சங்கையாவுக்குப் பவுல்ராஜின் முழங்கை மறைத்தது. ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. பவுல்ராஜ் மூக்கைச் சொறியக் கையை எடுத்தார்.

விளக்கு சிவப்பு. கேட்பதற்குப் பச்சை, பதிவதற்குச் சிவப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சங்கையா சொல்லுவார். பழசை அழித்துக்கொண்டு, இந்த அறையின் மௌனத்தை அது பதிந்துகொண்டிருக்கிறது.

"நிறுத்துங்க! ஐயோ, அழியுது!"

பாய்ந்துபோய்த் தானே விசையைத் தட்டிவிட்டார். தெரியாமல் பண்ணினாரா, தெரிந்தே பண்ணினாரா, அது பவுல்ராஜ் கும்பிடுகிற கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஆபீசர் முதலிலிருந்து போட்டுக் கேட்கச் சொன்னார். இந்த முறை சங்கையாவே ஓட்டினார், யாரும் தடுக்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெளியே ஒரு ஜீப் போனது. இப்படியே இரண்டரை நிமிஷம். கடைசியில் "நிறுத்துங்க! ஐயோ, அழியுது!" என்று சங்கையாவின் குரலே அவர் முகத்தில் அடித்தது. கேட்கக் கூசியது அவருக்கு. அன்றைக்குக் கேட்டிருக்கணும், பாவி, அன்றைக்கே கேட்டிருக்கணும்.

அதற்குப் பின்னால் இழுத்து இழுத்து ஒரு மூச்சு. ராக்கப்பன்.

"...அம்புட்டுத்தேன் அண்ணே. நான் சொன்னதெல்லாம் அதுல ஏறிருச்சா?"

பட்டை நின்றது. ஆபீசர் சங்கையாவைப் பார்த்தார். சின்னத்தாய் எழுந்து மெஷின் பக்கத்தில் வந்தாள்.

"ஏறிருச்சு" என்றாள் அதனிடம். "நீங்க கண்ணை மூடுங்க."