ஒற்றை இருக்கை விமானம்

“கழுத்தப் பிடில! கழுத்த விட்டுட்ட பாரு!” என்று அம்மா பிளாரன்ஸ் பதறினாள்.

ஜெனோ அப்பாவின் அக்குள்களுக்குள் கையைக் கொடுத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தான். அம்மா நனைந்த விரிப்பை உருவிப் போட்டுவிட்டுப் புதியதை உதறிக்கொண்டிருந்தாள். தூக்குவதற்கென்று அவன் கூட்டிய பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஹார்பரில் கிரேன் மேல் ஏறி வயர் இழுத்த உடம்பு, கொடியில் காய்ந்த துணி மாதிரி கையோடு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ‘உஸ், டக்’, ‘உஸ், டக்’ என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏளா பிளாரன்ஸு, புது விரிப்பு எதுக்குளா எடுத்த? பழசு போதும்” என்றார் தேவபிரசாதம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“பழசெல்லாம் ஒங்க பிளேனுக்குப் போத்திவிட்டாச்சு. இப்ப எங்கிட்ட கேக்குதீய.”

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

நுரையீரலில் இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மில்லர்புரத்து வீட்டின் ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்த நாளிலிருந்து அவர் கஞ்சி கேட்கவில்லை, சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“ஏலே ஜெனோ. இன்னைக்காவது ஏறி உக்காந்து பாக்கியா?”

அது மாடி அறையில் நின்றது. முழு விமானம் இல்லை. விமானி உட்காருகிற முன்பகுதி மட்டும். அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் பறந்த ‘நாட்’ என்கிற சின்னஞ்சிறு ஃபைட்டர், ஒருவர் மட்டுமே உட்கார இடம் உள்ளது. அந்தப் பெயருக்கு இங்கிலீஷில் கொசு மாதிரி ஒரு பூச்சி என்று அவர் சொல்லப்போய், அம்மாவுக்கு அது கொசு பிளேன் ஆகிவிட்டது. “கொசுவுக்கு ஒரு ரூம்பா? நான் துணிய எங்க காயப்போட?” என்று அவள் சண்டைக்கு நின்றதெல்லாம் பழைய கதை. திரேஸ்புரத்தில் வள்ளம் செய்கிற பட்டறையில் வார்த்து வாங்கிய ஃபைபர் உடம்பு, பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய கப்பல் சுவிட்சுகள், அடிபட்ட கார் ஒன்றிலிருந்து கழற்றிய சீட், முன்னால் வளைத்து நிறுத்திய திரைகள், அவற்றுக்கு ஒரு கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் திரையில் ஓடுபாதை வரும். எஞ்சின் இரையும். ஓட்டலாம், ஏறலாம், இறங்கலாம். எங்கேயும் போகாது.

விமானப்படைத் தேர்வில் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் மெடிக்கலில் கண்ணால் தோற்று ஜெனோ ரயிலேறி வந்த வருஷம்தான் அப்பா அதை ஆரம்பித்தார். “அவன் தரலேன்னா போறான். நமக்குன்னு ஒண்ணு செஞ்சிருவோம்” என்றார். பிறகு அவனுக்கு ஷிப்பிங் ஏஜென்சியில் கன்டெய்னர் காகிதம் பார்க்கிற வேலை கிடைத்தது. ஜெப்ஸியோடு கல்யாணம் ஆனது. அவனுக்குத் தொப்பை விழுந்தது. மாடியில் துளை போடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. தான் தோற்றதைத்தான் அவர் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாக முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றும். அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. சொல்வது சரிதானா என்றும் தெரியவில்லை. அதனால் “நாளைக்குப்பா” என்பான். அவரும் “சரிடே” என்பார்.

“ஒரு நிமிஷம் ஏறி எறங்குனா தேஞ்சா போயிருவீங்க?” ஜெப்ஸி சமையலறை வாசலில் நின்று குரலைத் தணித்துக் கேட்டாள். “மாமா கெஞ்சுதாவ. காது கேக்கலியா ஒங்களுக்கு?”

“சரிப்பா. போறேன்” என்றான் ஜெனோ.

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சும்மா உக்காந்துட்டு வந்துரக் கூடாது. என்ன கொறை இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லணும்.”

“சரி.”

“கொறைதாம்ல சொல்லணும். நல்லாருக்குன்னு சொல்லுததுக்கு ஊருபூரா ஆளு இருக்கு.”

மாடி அறை வெந்துகொண்டிருந்தது. ஜெனோ விரிப்பை ஓரமாகத் தூக்கினான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதில்லை. கண்ணாடி மூடி பின்பக்கமாகத் திறந்திருந்தது. உள்ளே கறுப்புப் பலகையில் வட்ட வட்ட மானிகள். ஒவ்வொன்றின் கீழும் அப்பாவின் சின்ன வெள்ளை எழுத்து. ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் ஒரு காலை வைத்து, விளிம்பில் கையை ஊன்றினான். ஊன்றிய இடத்துக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், தகடு வெட்டிப் பெயின்ட் அடித்த இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன.

பிளைட் லெப்டினன்ட் டி. ஜெனோ.

பெயின்ட் புதிதில்லை. ஓரத்தில் மங்கியிருந்தது. எந்தக் காலத்தில் எழுதினாரோ.

அவன் காலை எடுத்துக் கீழே வைத்தான். ஏற வேண்டும், உட்கார வேண்டும், இறங்க வேண்டும், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே வரிசைப்படுத்திச் சொல்லிப் பார்த்தான். மறுபடியும் காலைத் தூக்கினான். முழங்கால் மடங்கியதே தவிர ஸ்டூலுக்குப் போகவில்லை. சுவரோடு போய் நின்று மெயின் சுவிட்சைப் போட்டான். எஞ்சின் சத்தம் அறையைப் பிடித்து உலுக்கியது. கீழே ஹாலில் நன்றாகக் கேட்கும். ஒருவன் ஏறி, அங்கே இங்கே தொட்டுப் பார்த்து, இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தோராயமாக யோசித்து, அவ்வளவு நேரம் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அணைத்துவிட்டு விரிப்பை இழுத்துவிட்டான்.

அவன் இறங்கி வரும்போது அப்பாவின் கண் படிக்கட்டிலேயே இருந்தது. பக்கத்தில் போனதும் மறுபடி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“என்னல?”

“சூப்பரா இருக்குப்பா.”

“கொறை?”

“ஒரு கொறையும் இல்ல.”

மிஷின் ‘உஸ், டக்’ என்றது.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேம்ப்பா.”

“காலு?”

“காலு வாகா எட்டுது. கரெக்டா இருக்கு.”

அப்பா அவனையே பார்த்தார். கோபம் என்றால் தெரிந்துவிடும். ஹார்பரில் அவர் கோபம் தெரியாத ஆள் கிடையாது. இது அது இல்லை. எரியாத பல்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை விட்டார்.

“சரிடே. போயி சாப்பிடு.”

“கேட்டியளா? ஒரு கொறையும் இல்லியாம்!” அம்மா அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “இனியாவது நிம்மதியாத் தூங்குங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அசதி என்று ஜெனோ நினைத்தான். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கேயோ, அவளுக்கே தெரியாமல் அவர் போய்விட்டார். ‘ஆமென்’ சொல்லிக் கண்ணைத் திறந்தவள் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “ஏலே” என்று மட்டும் கூப்பிட்டாள். மிஷின் நிற்காமல் அவருக்குக் காற்று கொடுத்துக்கொண்டேயிருந்தது. அதை யார் நிறுத்துவது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். கடைசியில் ஜெப்ஸிதான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலையில் வாசலில் சாமியானா ஏறியது. ஐஸ் பெட்டிக்குள் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் படுத்திருந்தார். நாற்காலி இறக்குகிறவர்களோடு சேர்ந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தான் ஜெனோ. அது ஒரு வேலை. செய்யத் தெரிந்த வேலை. அப்போதுதான் சிவபாலன் வந்தார். போட் எஞ்சின்களுக்கு லேத் வேலை செய்கிறவர், விமானத்துக்கு இரும்பில் எது தேவைப்பட்டாலும் அப்பா அவரிடம்தான் போவார். பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜெனோவைச் சாமியானாவின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“தம்பி, மனசே ஆறல. பெடல் ரெண்டும் என் பட்டறையிலதான் கெடக்கு.”

“என்ன பெடல்?”

“காலு வச்சு மிதிக்கிற பெடலு. ஸ்பிரிங் சரியா அமையலன்னு கழத்திக் குடுத்தாவல்லா. இந்தா அந்தான்னு நானும் இழுத்துட்டேன். முந்தாநாள்கூட அண்ணாச்சி போன் பண்ணுனாவ. மூச்சு வாங்குது, ஆனா விடல. ‘பெடல் இல்லாட்டியும் போகுது சிவபாலா, அவன் ஏறி உக்காந்தாம்னா மொத வார்த்தையே பெடல் எங்கப்பான்னுதான் கேப்பான், கேக்கட்டும், அவன் வாயால ஒரு கொறை கேட்டாப் போதும்’னு சொல்லிச் சிரிக்காவ.” அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். “குடுத்து வைக்கல.”

ஜெனோ மடித்து வைத்திருந்த நாற்காலி ஒன்றை விரித்தான். மடக்கினான். மறுபடி விரித்தான்.

கொஞ்சம் பொறுத்து மாடிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். சீட்டுக்கு முன்னால், கால் நீட்டுகிற இடத்தில், வெறும் பலகை. நான்கு மூலையில் போல்ட் போடுகிற ஓட்டைகள். உட்கார்ந்த யாருக்கும், கண் தெரியாதவனுக்கும்கூட, முதலில் தட்டுப்பட்டிருக்கும்.

கீழே சபை உபதேசியார் வந்து உட்கார்ந்திருந்தார். கோயிலில் அடக்க ஆராதனையின்போது வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும். பிறந்தது, ஞானஸ்நானம், ஹார்பர் வேலை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, “கடைசியா என்னம்மா பேசுனாவ? யாருட்ட பேசுனாவ?” என்று கேட்டார்.

பிளாரன்ஸின் முகத்தில் அந்த ஒரு நாளில் முதல் தடவையாக ஒரு தெளிச்சி வந்தது. “எம் மவங்கிட்டதான் பேசுனாவ. இம்புட்டு வருஷமா அதக் கட்டுனாவல்லா ஐயா, இவன் ஒரு நாளும் ஏறல. நேத்து ஏறி உக்காந்துட்டு வந்து, ஒரு கொறையும் இல்லப்பான்னு சொன்னான். அதக் கேட்டுட்டுத்தான் அமைதியாத் திரும்பிப் படுத்தாவ. வேற ஒண்ணும் கேக்கல. மனசு நெறஞ்சு போச்சு அவியளுக்கு.”

“ம்மா” என்றான் ஜெனோ.

அவள் திரும்பினாள். உபதேசியாரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அழுது வீங்கிய அவள் கண்ணுக்குள் அந்த வெளிச்சம் அப்படியே நின்றது.

“தண்ணி குடிச்சியாம்மா?”

“குடிக்கேம்ல” என்றாள் அவள்.

கோயிலில் அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். உபதேசியாருக்கு நல்ல குரல். “தாம் அரும்பாடுபட்டு உருவாக்கிய விமானத்தில் தமது மகன் அமர்ந்து, ஒரு குறையும் இல்லை என்று கூறிய சொல்லைத் தம் செவியால் கேட்டு, நிறைந்த மனதோடு அன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.” பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்தில் இருந்தவர் ஜெனோவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் திரும்பிப் பார்த்தான். பக்கவாசலை ஒட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிவபாலன் நின்றுகொண்டிருந்தார். அவர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கும் வந்தார். தன் முறைக்கு ஒரு பிடி மண் போட்டார். கையை உதறினார். வரிசையாக நின்று எல்லோரும் ஜெனோவின் கையைப் பிடித்துவிட்டுப் போனபோது அவர் அந்தப் பக்கம் வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாசரேத்திலிருந்து வர வேண்டிய பெரியப்பா அடக்கத்துக்குப் பிந்திவிட்டார். கார் வழியில் நின்றுவிட்டதாம். வீட்டுக்கு வந்து, வெறும் கட்டிலைப் பார்த்து, “எந் தம்பி மொகத்தப் பாக்கக் கூடக் குடுத்துவைக்கலியே” என்று கொஞ்ச நேரம் சத்தம் போட்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் காப்பி வந்திருந்தது. ஜெப்ஸி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

“வண்டியில வரும்போது சொன்னாங்க” என்றார் பெரியப்பா. “கடைசியில ஏறி உக்காந்திட்டியாமல்லா. அவன் போன் பண்ணுனா வேற பேச்சே கிடையாது. பிளேனு, பிளேனு, எம் மவன், பிளேனு. எனக்கும் ஒருக்க சொல்லுல. உள்ள எப்பிடி இருந்துச்சு?”

ஜெனோ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுல” என்றாள் பிளாரன்ஸ். நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். “நானும் நேத்து சரியாக் கேட்டுக்கிடல. சத்தமாச் சொல்லு, பெரியப்பாவுக்குக் காது மந்தம்.”

“நல்லா இருந்துச்சு பெரியப்பா.”

“என்னது?”

“நல்லா இருந்துச்சு!”

“அது சரில. விவரமாச் சொல்லு.”

“உள்ள குளுந்து இருந்துச்சு!” என்றான் ஜெனோ. வாசலில் சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “கண்ணாடிய மூடிட்டா வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காது!”

“ஆங்.”

“முன்னால வானம் மட்டுந்தான் தெரியும்! வீடு, தெரு, ஒண்ணும் தெரியாது! நாம தனியா எங்கயோ போற மாதிரி இருக்கும்!”

“பாத்தியளா அத்தான்” என்றாள் பிளாரன்ஸ்.

அவள் காப்பி ஆறிப்போயிருந்தது. அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, மேலே படிந்திருந்த ஆடையைச் சுண்டுவிரலால் ஒதுக்கி எடுத்து, டம்ளரின் விளிம்பில் தடவி வைத்தாள்.