நிச்சயதார்த்தத்துக்கு வந்த இடுப்புப் பை

கீழ்பென்னாத்தூரில் மோட்டார் பம்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கோதண்டராமன், இடுப்பில் பை இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். போன வருஷம் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்த வினை அது. ஆபத்தில் உயிர் பிழைக்க ஒரு மனுஷன் கையோடு என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று அதில் ஒருவர் எடுத்து எடுத்துக் காட்ட, அடுத்த வாரமே அத்தனையும் இவர் இடுப்புக்கு வந்து சேர்ந்தன. டார்ச், விசில், மடக்குக் கத்தி, நைலான் கயிறு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், யாராவது வழிமறித்தால் முகத்தில் அடிக்க மிளகு ஸ்ப்ரே. இதுவரை அவரை வழிமறித்தவர்கள் எல்லாம் மோட்டார் ஓடவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள்தான்.

மனைவி பச்சையம்மாளுக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. திருவண்ணாமலையில் அவள் தங்கை மகள் கவியாவுக்கு நிச்சயதார்த்தம். பட்டு வேட்டிக்கு மேல் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து, இன்றைக்கு ஒருநாளாவது கழற்றி வைக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். ஜனம் கூடுகிற இடத்தில்தான் ஆபத்து ஜாஸ்தி என்றார் அவர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், வண்டி கவிழ்ந்தால் கண்ணாடியை எந்த மூலையில் உடைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆள் எழுந்துபோய் நின்றுகொண்டே வந்தார்.

விசேஷம் ஒரு லாட்ஜின் நாலாவது மாடி ஹாலில். லிஃப்டில் இவர்கள் இருவரோடு மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாளும், ஆவி பறக்கும் சாம்பார் வாளியோடு சமையல்காரர் இருசப்பனும் ஏறினார்கள். இரண்டாவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல். கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது. ஒரே கும்மிருட்டு.

முதலில் கோதண்டராமனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் வந்தது. இதற்காகத்தானே இத்தனை நாள் சுமந்தோம்! யாரும் பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. நாலு பக்கத்துச் சுவரும் நெருங்கி வருவது போலிருந்தது. காது அடைத்தது. பைக்குள் விரல்களை விட்டுத் துழாவினார். உருளையாக ஒன்று சிக்கியது. அதன் தலையில் கட்டைவிரலை வைத்தபோது பச்சையம்மாளின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"அது மிளகுத் தண்ணி. அமுக்கித் தொலச்சிடாதீங்க. டார்ச் அந்தாண்ட ஜிப்புல இருக்குது."

அவளே எடுத்துப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தது, கோதண்டராமன் சுவரோடு சறுக்கிக் கீழே உட்கார்ந்துகொண்டிருந்ததைத்தான். இருசப்பன் சாம்பார் வாளியைச் சட்டென்று நகர்த்தி இடம் விட்டார்.

"கயிறு... கயிறை எடு" என்று முனகினார் கோதண்டராமன். மூடிய லிஃப்டுக்குள் கயிற்றை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை.

"அது நம்ம வீட்டு மொட்டமாடில துணிக்கொடியா கட்டியிருக்கு" என்றாள் பச்சையம்மாள்.

அவருக்குத் தெரியாமல் பல மாதமாக அந்தப் பையை வைத்துத்தான் அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்பது அங்கே வெளிவந்தது. கத்தி கீரை அரியப் போய் வந்துகொண்டிருந்தது. டார்ச்சுக்கு பேட்டரி மாற்றியது அவள். ஓ.ஆர்.எஸ். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பேதிக்குப் போக, அவளே வேறு வாங்கி வைத்திருந்தாள். இப்போது அதைத் தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலில் கலக்கி, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். ராணியம்மாள் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொள்ள, பச்சையம்மாள் முந்தானையால் விசிறிவிட்டபடியே விசிலை எடுத்து ஊதினாள். அவள் ஊதின ஊதலில் இருசப்பன் ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

கீழே லாட்ஜ் வாசலில் வாட்ச்மேன் ஒருவர் விசில் ஊதி வேனுக்கு ரிவர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வந்த விசிலை, இன்னும் வரலாம் என்ற சைகையாக எடுத்துக்கொண்டார் டிரைவர். வேன் பூந்தொட்டியை மோதிய பிறகுதான், விசில் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என யாருக்கோ தோன்றியது. ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

நாலாவது மாடியில் கதவு திறந்தபோது, பன்னீர்ச் செம்போடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் கிளிக் செய்துவிட்டார். சாம்பார் வாளியின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த கோதண்டராமனுக்கு, லிஃப்டே மறுபடி கீழே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ராணியம்மாள்தான் முதலில் வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த சம்மந்தி இந்தப் பைய எடுத்துட்டு வந்தாரு, நாங்க தப்பிச்சோம். சாம்பார் ஆறுறதுக்குள்ள போய் எலையப் போடுங்க."

விசேஷம் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது கோதண்டராமன் லிஃப்ட் பக்கமே பார்க்காமல் படிக்கட்டுக்கு நடந்தார். பச்சையம்மாளும் கூடவே இறங்கினாள். பை அவள் தோளில் தொங்கியது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. பாதி வழியில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டார்.

"உனக்குப் பயமாவே இல்லியா?"

"நீங்க அப்படி உக்காந்துட்டீங்க. எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?" என்றாள் அவள். பிறகு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கிப் போனாள்.