நடுவிரல் மரியாதை

லிங்கன் துறைமுகத்தில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹாரிகன் குடா போய்ச் சேரலாம். திங்கட்கிழமை கிளம்பிய கிளெமும் டெல்வினும் வியாழக்கிழமையும் போய்க்கொண்டிருந்தார்கள்.

காரணம் டெல்வின். பேக்கரியைக் கண்டால் நிறுத்து என்பாள். கடல் பக்கம் மண்சாலை பிரிந்தால் திருப்பு என்பாள். சாலை முடிகிற இடத்தில் எப்போதும் ஒரே காட்சிதான். செங்குத்துப் பாறை, கீழே கத்துகிற கடல், தண்ணீர் வராத ஒரு கழிப்பறை. அவள் வாயைப் பிளந்து பார்ப்பாள். வாயில் கேக் இருந்தாலும் மூட மாட்டாள்.

"இதைத்தான் நேத்தும் பாத்தோம்," என்றான் கிளெம்.

"நேத்து பாத்தது வேற கடல்."

"அதே கடல்தான். கூடவே வருது."

"நீயுந்தான் முப்பது வருஷமா கூடவே வர்ற. பாக்காமயா இருக்கேன்?"

கிளெம் தச்சன். போன வருஷம் பட்டறையில் ரம்பம் அவனுடைய வலது ஆள்காட்டி விரலை அடியோடு தின்றுவிட்டது. பிறகு பட்டறையும் போனது. இப்போது குடித்தனம் டெல்வினுடைய அக்கா வீட்டுப் பின்னறையில். அக்கா நல்லவள். தான் நல்லவள் என்பதைத் தினமும் சாப்பாட்டு வேளையில் நினைவுபடுத்துவாள்.

ஹாரிகன் குடாவில், சுற்றுலா வருகிறவர்கள் வண்டிவீட்டை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி தேவை. வேலையோடு கடலைப் பார்த்த வீடு. அன்று சாயங்காலம் ஊர்க் குழு அவர்களை வரச் சொல்லியிருந்தது. மரவேலை, குழாய் வேலை எல்லாம் தெரியும் என்று கிளெம் தொலைபேசியில் சொல்லியிருந்தான். விரல்கள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. விரல் போன தச்சனை யார் சேர்ப்பார்கள்? வேலை உறுதியாகும்வரை வலது கையைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொள்வது என்பது அவன் திட்டம்.

"கை குலுக்க வந்தா?"

"ஜலதோஷம்னு சொல்லுவேன்."

"அப்ப மூக்கையும் பைக்குள்ள வெச்சுக்கோ."

அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால் வணக்கம் சொல்ல ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். கையை ஆட்டினால் பட்டணத்துக்காரன். தலையை ஆட்டினால் அரசாங்க ஆள். கிளெமுக்கு இது சின்ன வயதுப் பழக்கம். ஆள்காட்டி விரல் இல்லாததால் அதன் வேலையை அடுத்த விரல் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரன் இல்லாதபோது அடுத்த வீட்டுக்காரன் தபால் வாங்கி வைப்பதில்லையா, அப்படி. உள்ளங்கைப் பக்கமிருந்து பார்க்கிற அவனுக்கு அது வெறும் விரல். பின்னங்கைப் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கு அது அவனுடைய தாயைப் பற்றிய ஒரு கருத்து. கடல் இடப்பக்கம். டெல்வின் அந்தப் பக்கமே திரும்பியிருந்தாள்.

முதலில் ஒரு மீன் லாரி வந்தது. கிளெம் புன்னகையோடு விரலைத் தூக்கினான். லாரி நெடுநேரம் ஹாரன் அடித்தது.

"பாசக்கார ஜனங்க," என்றான்.

அடுத்து ஒரு டிராக்டர். ஓட்டிய கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் பள்ளிக்கூடப் பேருந்து. அதன் ஜன்னல்களில் பிள்ளைகள் மொத்தமும் அவனுக்குப் பதில் விரல் காட்டினார்கள்.

"பிள்ளைங்களை எப்படி வளர்த்திருக்காங்க பாரு. எந்தூர்ல இருக்கு இந்த மரியாதை?"

"ம்," என்றாள் டெல்வின், கடலைப் பார்த்தபடி.

சாயங்காலம் ஹாரிகன் குடா போய்ச் சேர்ந்தார்கள். ஊரின் பந்துருட்டு விளையாட்டு மன்றக் கூடத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் குழுத் தலைவி வெர்னா, பேருந்து ஓட்டுபவள். ஒரு பக்கம் கோரி, மீன் லாரிக்காரன். மறுபக்கம் டிராக்டர் கிழவர் ஆல்ஃப். கிளெமுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது. கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான்.

வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "வேலை விஷயம் அப்புறம். எங்க ஊர்ப் பிள்ளைங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

"எந்தப் பிள்ளைங்க?"

"பஸ்ல வந்த பிள்ளைங்க. நடுவிரலைக் காட்டினீங்களே."

"எனக்கும் காட்டினான்," என்றான் கோரி. "சிரிச்சுக்கிட்டே காட்டறான், அதான் ஆறல."

கிளெமுக்கு அப்போதுதான் உறைத்தது. பைக்குள் கையை இன்னும் கீழே தள்ளினான். எடுத்துக் காட்டினால் மானம் மிஞ்சும், வேலை போகும். காட்டாவிட்டால் இரண்டும் போகும். எப்படிப் பார்த்தாலும் அக்காவின் பின்னறை.

டெல்வினுக்கும் புரிந்துவிட்டது. பொய் சொல்லப் போகும்போது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். நிமிர்ந்தாள்.

"காட்டியிருப்பான்," என்றாள். "பிறவிக் கொழுப்பு. எங்க கல்யாணத்துல பாதிரியாருக்கே காட்டினான். ஆனா வேலைல தங்கம்."

பாதிரியாருக்கு அவன் எதையும் காட்டியதில்லை. இத்தனை பேர் முன்னால் அவனுக்காக அவள் ஒரு போக்கிரியின் மனைவியாகிவிட்டாள். கிளெம் கையை வெளியே எடுத்து, மீனைத் தராசில் போடுவதுபோல மேசைமேல் போட்டான்.

"ஆள்காட்டி விரல் எனக்கு இல்ல," என்றான். "நான் வணக்கம்தான் சொன்னேன்."

மூவரும் கையைப் பார்த்தார்கள். கோரி தன் விரல்களை மடக்கி மடக்கிச் சோதித்தான். ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் அடுத்து நிற்பது நடுவிரல்தான் என்று அவனுக்கே விளங்கியது. கிழவர் ஆல்ஃப் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோபப்பட்டார்.

"அடப்பாவி. உனக்குத்தான் ஓட்டுப் போடறதா இருந்தேன்."

"இப்ப என்ன ஆச்சு?"

"முன்னாடி இருந்தவன் ரொம்ப நல்லவன்யா. மணல்மேட்டுல கண்டவன் வண்டி ஏத்தினாக்கூட குட் மார்னிங் சொல்லிட்டு நிப்பான். வர்றவனுக்கெல்லாம் விரல் காட்டற ஒருத்தன் வந்துட்டான்டான்னு டிராக்டர்லயே எழுந்து நின்னு கும்பிட்டேன். நீயும் மரியாதைக்காரன்தானா?"

"இந்தக் கையால குழாய் வேலை முடியுமா?" என்றாள் வெர்னா.

"முடியும். நேரம் ஆகும். சின்ன நட்டுன்னா கைநழுவும்."

அவள் டெல்வினைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பூங்காவுல பொம்பளைங்க கழிப்பறை ஞாயித்துக்கிழமைல இருந்து அடைச்சுக் கெடக்கு. போய்ப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

கிளெம் கழிப்பறைத் தரையில் மல்லாந்து படுத்தான். டெல்வின் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். நட்டு கைநழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. வாசலில் குழு மொத்தமும் பீர் பாட்டிலோடு நின்று பார்த்தது. கோரி எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். வெர்னா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நட்டு பிடித்தது. குழாய் ஒருமுறை ஏப்பம் விட்டது. பிறகு எல்லாம் கடகடவென்று இறங்கியது.

"ஓடுது," என்றார் ஆல்ஃப், துக்கம் சொல்வதுபோல.

வெர்னா சாவிக்கொத்தை டெல்வினின் மடியில் போட்டாள். "மரியாதையைக் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லுங்க," என்றாள். மூவரும் போனார்கள்.

"எழுந்திரு," என்றாள் டெல்வின். "நாத்தம் தாங்கல. வீட்டைப் போய்ப் பாப்போம்."

கிளெம் எழுந்திருக்கவில்லை. அவள் கடலைப் பார்ப்பதுபோலக் கீழேயிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகவாயில் கேக் தூள் ஒட்டியிருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அப்படியே உக்காரு."

"கழிப்பறைலயா?"

"ஆமா."

அவள் உட்கார்ந்திருந்தாள்.