கட்டியைக் குத்த விடமாட்டேன்

“கதவைத் திறடி! சுட்ட ஊசி ஆறிடும்!”

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, நிறைந்த வாளியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். உட்காரவே முடியவில்லை. ஆசனவாய் ஓரத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி, விண் விண்ணென்று தெறித்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. செத்துவிடுவேனோ என்றுகூடப் பயமாக இருந்தது.

“பொம்பளைப் பிள்ளை அந்த இடத்தைப் போய் டாக்டர்கிட்ட காட்டுவியா? உங்கப்பாவுக்கு நான்தானே குத்திவிட்டேன்? ஒரே குத்து, சரியாப் போகலை?”

அம்மா தையல்காரி. எதையும் ஊசியால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவள். பேருந்து ஓட்டும் அப்பாவும் அவள் பின்னால்தான் நின்றார்; கதவிடுக்கில் அவர் கால் தெரிந்தது.

“நான் என்ன கிழிஞ்ச பாவாடையாம்மா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!”

“மெதுவாப் பேசுடி, மாடியில கேட்கும்.”

கேட்கட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“எனக்குக் குண்டியில கட்டி! காய்ச்சல் அடிக்குது! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். “வண்டி எடுக்கவா? பின் சீட்ல படுத்துக்கிட்டே வர்றியா?”

அம்மாவுக்கு மானம் போனது. எனக்கு உயிர் வந்தது.

மருத்துவர் அம்மா வயதுப் பெண். பார்த்துவிட்டு, “நல்லவேளை, யாரும் குத்தலை” என்றார். “சீழ் ஆழத்துல இருக்கு. மரக்க ஊசி போட்டுக் கீறி எடுத்துடலாம்.”

“வெந்நீர்ல உட்கார வெச்சேனே?” என்றாள் அம்மா.

“வலிக்கு இதமா இருக்கும், சீழை எடுக்காது. உட்கார முடியாத வலி, கூடவே காய்ச்சல்னா அன்னைக்கே வந்துடணும். வீட்டுல குத்தி, அரைகுறையா விட்டா, உள்ளே பவுத்திரம்னு ஒரு துளை விழுந்து வருஷக்கணக்கா சீழ் கசியலாம்.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

இப்போது வார்டில் குப்புறப் படுத்திருக்கிறேன். அந்தத் தெறிப்பு அடங்கிவிட்டது. அம்மா நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்து நாற்காலி காலி. அப்பா இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறார். பேருந்து இருக்கையில் அவர் மடித்துப் போடும் துண்டை யாரையும் துவைக்க விடமாட்டார். துண்டு எதுக்கு என்று கேட்டால் இடுப்பு வலி என்பார்.

“உக்காருங்கப்பா.”

“பரவாயில்லம்மா. பழகிடுச்சு.”

என் கட்டிக்கு நான் கத்தினேன். அவருடையதை நான் எப்படிக் கத்துவது?