ஆனைக்குத் தெரியாத பெட்டி

ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். தேயிலை எஸ்டேட் லயத்தில், தன் வீட்டு வாசலில் சூசைமேரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கொழுந்து பறிக்கும்போது அவள் இடுப்பில் கட்டும் படுதாவைப் போர்த்திக்கொண்டு, பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் நின்றது. வால்பாறையின் சாரல் விடாமல் அடித்தது.

"அதுக்குப் போத்திவுட்டுப்போட்டு நீ நனையற," என்றார் அவள் கணவர் அமிர்தராஜ். "எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் போத்திவுட்டிருப்பியா?"

"நீங்க துருப்புடிக்க மாட்டீங்க."

இருவருக்கும் எஸ்டேட் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகன் ஜெப்ரி பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனியில் வேலை செய்கிறான். இருப்பது ஒற்றை அறை. "அந்த பிரிட்ஜ அங்கயே வுட்டுப்போட்டு வாங்கம்மா" என்று போனில் கெஞ்சினான்.

"செவுரு கம்பெனிது, ஓடு கம்பெனிது, பைப்பு கம்பெனிது. நம்முது இது ஒண்ணுதான் கண்ணு. இது வந்தா நானும் வாரேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

ஒரு போனஸுக்கு அமிர்தராஜ் அதை வாங்கி வந்தபோது லயமே சிரித்தது. ஊரே பிரிட்ஜுக்குள்தானே இருக்கிறது, இதை எதற்கு என்றார்கள். முதல் நாள் மின்சாரம் கொடுத்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்தது. குழந்தைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மறுநாள் கரண்டு பில்லை நினைத்து பிளக்கைப் பிடுங்கிய சூசைமேரி, காலியாக நிற்கிறதே என்று ரேஷன் அரிசியை அதற்குள் வைத்தாள்.

அந்த மழைக்காலத்தில் யானை வந்தது. இரண்டு பக்கத்து அடுக்களைகளையும் உடைத்து அரிசியையும் உப்பையும் தின்றது. இவள் வீட்டு ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டு பிரிட்ஜைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தது. வாசனை இல்லை. போய்விட்டது.

அன்றிலிருந்து லயத்து அரிசி முழுக்க அதற்குள்தான். கிறிஸ்துமஸ் கேக்கும் அதற்குள்தான். குரங்குகள் கதவைத் திறக்கப் பழகிய பிறகு அதன் பூட்டையும் பூட்டத் தொடங்கினாள். வீட்டைப் பூட்டியதில்லை, பிரிட்ஜைப் பூட்டாமல் மலையேறியதில்லை. இரண்டு சாவியும் ஒரே கம்பி வளையத்தில் கிடந்தன.

அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக் கெசியா தன் அரிசியை எடுத்துப்போனாள். இப்போது கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"இனி எங்கூட்டு அரிசிய எங்க வெக்கறதுங்க்கா?"

"ஆனைகிட்டயே குடுத்துப்போடு அம்மணி," என்றார் அமிர்தராஜ். "பத்திரமா வெச்சிருக்கும்."

கெசியா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஜீப் வந்தது. பிரிட்ஜைப் படுக்க வைத்தால் கெட்டுவிடுமாம். அதை நிற்க வைத்துக் கயிற்றால் இறுக்கியதில் ஆள் உட்கார இடமில்லை.

"தொரைக்கு அப்பறம் ஜீப்புல போறது இதுதான். நாம பஸ்சுல போலாம் வா," என்றார் அமிர்தராஜ்.

வீட்டை ஒப்படைத்துக்கொள்ள சூப்பர்வைசர் நவநீத் வந்திருந்தான். நல்ல பையன். "சாவிங்க ஐயா?" என்று கூச்சத்தோடு கேட்டான். அமிர்தராஜ் வளையத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அவன் பூட்டினான். அந்தக் கதவு பூட்டி சூசைமேரி பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, பிரிட்ஜ் சாவி?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வளையம் நவநீத்திடம் போய்விட்டிருந்தது. "உள்ள நம்ம அரிசி கெடக்குதே," என்றார் பிறகு. "எறங்கித் திரும்பப் போலாமா?"

"போயி? யாரைப் பாக்கோணும்னு கேட் வாட்ச்மேன் கேட்டா, என்னன்னு சொல்றது?"

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சாயங்காலம் ஜெப்ரியின் அறையில், தான் படுக்கும் மூலையைக் காலி செய்து அவன் பிரிட்ஜை நிறுத்தினான். ஓடுகிறதா பார்ப்போம் என்று பிளக்கைச் செருகினான். அது ஒருமுறை உதறிக்கொண்டு முனக ஆரம்பித்தது.

"ஓடுதும்மா! தொறங்க, தண்ணி பாட்டல் வெப்போம்."

சூசைமேரி சாவி இல்லாத பூட்டைத் தடவினாள். வெளியே மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரிகள் போயின. இரவாகியும் அறைக்குள் புழுங்கியது. உள்ளே பூட்டிக் கிடந்த ரேஷன் அரிசியை அந்தப் பெட்டி அக்கறையாகக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் இறுக்கிய கயிறு கதவோர ரப்பரை ஓரிடத்தில் கிழித்திருந்தது. சூசைமேரி அங்கே கன்னத்தை வைத்தாள். வால்பாறையின் விடியற்காலைக் குளிர் மெல்லக் கசிந்து வந்தது.