தலைக்கு இடமில்லை

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் எழுதி முடிப்பதற்குள் கொட்டிப் போகட்டும். கடைவாய்ப் பல் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது. அது வேறு காரணத்தால். மற்றபடி நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எங்கேயாவது கூடுதலாகத் தெரிந்தால், அங்கே விஷயம் கொஞ்சம் கூடுதலாக நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள், அதாவது மகனின் மனைவி, பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டரில் படத்தை வடிவமைப்பது அவள். மெஷினில் ஃப்ளெக்ஸ் சுருளை மாட்டுவது அவள். அச்சாகி வரும் துண்டுகளைச் சூடான காற்று ஊதும் துப்பாக்கியால் ஒட்டி, ஒரே பெரிய படமாக்குவதும் அவள்தான். முதலாளிக்கு இரண்டு வேலை: போன் பேசுவது, ஏசிக்கு நேர் கீழே உட்காருவது. அந்தத் துப்பாக்கி ஒருமுறை கை நழுவி மருமகளின் முன்கையைச் சுட்டுவிட்டது. புண் ஆறிய இடத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு நின்றது. தழும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி அதை மறந்துதான் கெட்டார்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்தப் பொருளை விற்றாலும் பலகையில் ஒரு பெண் நிற்க வேண்டும். டயருக்குப் பெண், தண்ணீர்த் தொட்டிக்குப் பெண், சிமென்டுக்குப் பெண், ஆண்கள் போடும் பனியனுக்கும் பெண். இத்தனை வயதில் நான் எத்தனையோ கட்டடம் பார்த்துவிட்டேன்; இடுப்பால் சிமென்ட் குழைத்த பெண்ணை எங்கேயும் பார்த்ததில்லை. அப்படி நிற்கிறவளையும் முழுசாக நிறுத்த மாட்டார்கள். கழுத்திலிருந்து முழங்கால் வரைதான். தலை இருக்க வேண்டிய இடத்தில் போன் நம்பர்.

"சதுர அடிக்குக் காசும்மா," என்பார் முதலாளி. "வாங்குறவன் மூஞ்சியவா பார்க்குறான்? கழுத்துக்கு மேல வேஸ்ட்டு. வெட்டிட்டு நம்பரப் போடு."

மருமகள் வெட்டினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெட்டினாள். ஆனால் வெட்டிய தலைகளை அழிக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"தெரியல மாமா. அழிக்கலாம்னு போனா எல்லாம் என்னையே பார்க்குதுங்க."

குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு போட்ட ஒரு நாளில், தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்று அவசரமாகப் பலகை கேட்டது. முதலாளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தோதான படம் கிடைக்கவில்லை. தம் போனைத் துழாவினார். அதில் ஒன்று இருந்தது. மருமகள் ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிச் சுருளை மாட்டுகிறாள். சட்டை மேலேறி இடுப்பு தெரிகிறது. அதை அவர் எப்போது எடுத்தார், எதற்கு எடுத்தார், எத்தனை நாள் வைத்திருந்தார் என்பதையெல்லாம் நீங்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டால் என் ரத்த அழுத்த மாத்திரை போதாது. தலையை வெட்டினார். தோலை மாவு பூசின மாதிரி வழுவழுப்பாக்கினார். தொழில் தெரிந்தவள் செய்திருந்தால் தழும்பையும் துடைத்திருப்பாள். இவர் விட்டுவிட்டார்.

பஸ் நிறுத்தத் திருப்பத்தில் மூன்று மாடி உயரத்துக்குப் பலகை ஏறியது. 'தொட்டாலே பாயும்!' என்று பக்கத்தில் ஒரு வாசகம். கழுத்துக்கு மேல் நம்பர்.

முதலில் பார்த்தது என் மகன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஆறுதலாம், ஒன்று சொன்னான்:

"விடு. தலையே இல்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

"தலை இல்லாமலே உனக்குத் தெரிஞ்சுதே," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவன் முதலாளியிடம் நியாயம் கேட்கப் போனான். ஒரு இலவச மேசைக் காலண்டரோடு திரும்பி வந்தான்.

"டேய், நீ நியாயம் கேட்கப் போனியா, தேதி கேட்கப் போனியா?" என்றேன்.

அதன் பிறகு அவளே போய்க் கேட்டாள்.

"அது நான்தான் முதலாளி. இறக்குங்க."

"நீயா? எங்க, மூஞ்சியக் காட்டு பார்ப்போம்?" என்று சிரித்தாராம். "கம்பெனிக்காரன் மூணு மாசத்துக்குக் காசு கட்டிட்டான்மா. வெறும் படம்தானே? உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைந்தது என்று நான் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஆம்பளைகள் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் காட்டாத கவனத்தை அதில் காட்டினார்கள். அவள் வந்தால் ஒருவன் "மோட்டார் வந்துருச்சு" என்பான், இன்னொருவன் "சுவிட்ச் எங்கடா?" என்பான். அதோடு நின்றதா? எவனோ பலகையை போனில் படம் பிடித்து, ஒரு அசிங்கமான வீடியோவுக்கு முகப்புப் படமாக ஒட்டி, கைக்குக் கை அனுப்பிவிட்டான். முகமே இல்லாத முகப்பு. உள்ளே இருந்தது வேறு எவளோ. பார்த்தவன் எவனுக்கும் அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. தொடைக்கும் மார்புக்கும் எதற்கு அடையாளம்?

அன்று மருமகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்:

"அந்த வீடியோவுல இருக்கறவளுக்கும் ஒரு தலை இருக்கும்ல மாமா? அதுல அவ என்ன நினைச்சுட்டு இருந்தாளோ. அழுதாளோ. யாரு பார்த்தா? நான் எத்தன தலைய வெட்டியிருக்கேன். எனக்கு இப்பதான் வலிக்குது."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பலகை நிற்கும் நேர் ரோட்டை விட்டுவிட்டாள். பழைய கிடங்கு ஒன்றுக்குப் பின்னால் ஒரு சாக்கடைச் சந்து உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாய்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வழியாகச் சுற்றி வேலைக்குப் போனாள், வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு. யாரோ செய்த ஈனத்துக்கு இவள் சாக்கடை மிதிக்கிறாள். செய்தவன் ஏசிக்குக் கீழே இருக்கிறான்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் மாமா," என்றாள். "நான் நேர் ரோட்டுல நடக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன பண்ணலாம்?"

"பலகைய இறக்க மாட்டாராம்ல? சரி. என் தலைய நான் மாட்டிக்கறேன்."

சிரிக்காமல், முறைக்காமல், கேமராவை நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அளவு கொடுத்து அச்சடித்தாள். ஒவ்வொரு கண்ணும் லாரி டயர் அளவு. அதை மாட்டியது நான். பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறினேன். ஏணியும் கயிறும் வைத்திருப்பவனை உலகத்தில் எவனும் கேள்வி கேட்பதில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் பெரியவரே" என்றார். போன் நம்பரை மறைத்துத் தலையைக் கட்டிவிட்டு இறங்கினேன்.

நான் கடைசிப் படியில் கால் வைக்கும்போது அந்தக் கண்கள் திறந்தன. சத்தியமாகத் திறந்தன. பல் இன்னும் விழவில்லை, பாருங்கள்.

கண்கள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தன. சும்மா பார்க்கவில்லை. நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொருவனையும் கழுத்திலிருந்து முழங்கால் வரை நிதானமாக இறங்கிப் பார்த்தன. பிறகு முழங்காலிலிருந்து கழுத்துக்கு ஏறின. முகத்துக்கு மட்டும் போகவே இல்லை. சுவிட்ச் கேட்டவன் சாப்பாட்டுப் பையை எடுத்து வயிற்றை மறைத்தான். இன்னொருவன் சட்டைப் பித்தானைத் தொண்டை வரை போட்டு மூச்சு முட்டினான். அடுத்த நாள் ஒருவன் போர்வை போர்த்திக்கொண்டு வந்தான், நல்ல வெயிலில்.

வாரம் முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு விசாரித்தார்.

"என்ன புகார்?"

"அது எங்களப் பார்க்குது மேடம்."

"எங்க பார்க்குது?"

"சொல்லக் கூச்சமா இருக்கு மேடம்."

"அப்ப நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

"சட்டை, பேன்ட்டு மேடம்."

"டைட்டா?"

"கொஞ்சம்..."

"அப்படிப் போட்டா பார்க்கத்தான் செய்யும். சரி, அந்தப் பக்கம் ஏன் தனியாப் போனீங்க? அக்கா, தங்கச்சி யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"பஸ் அங்கதான் மேடம் நிக்குது!"

"வெறும் படம்தானேப்பா? உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? அனுசரிச்சுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்று முதல் ஆம்பளைகள் எல்லாம் சாக்கடைச் சந்து வழியாக வேலைக்குப் போனார்கள். வரிசையாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு. நேர் ரோட்டில் என் மருமகள் அரைக்கைச் சட்டையோடு கை வீசி நடந்தாள்.

முதலாளிக்குச் செய்தி எட்டியது. நானே கிழித்து இறக்குகிறேன் என்று கத்தியோடு வந்து, பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கண்கள் அவரிடம் வந்தன. தொப்பையில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு உதடு அசைந்தது.

"இதுக்குக் கழுத்துக்கு மேல எதுவும் தேவையா?" என்றது தலை. "வேஸ்ட்டு. வெட்டிட்டு நம்பரப் போடு."

மறுகணம் முதலாளியின் காலருக்கு மேல் தலை இல்லை. சிவப்பு எழுத்தில் ஒரு போன் நம்பர் நின்றது. ரத்தம், கித்தம் ஒன்றும் இல்லை; சுத்தமான வேலை. கடையில் யாரும் முதலில் கவனிக்கவில்லை, அவர் தலையை உபயோகித்து யாரும் பார்த்ததில்லை என்பதால். வீட்டில் அவர் மனைவிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் சந்தேகம் வந்ததாம். ரோட்டில் போனால் முன்பின் தெரியாதவர்கள் அந்த நம்பருக்குப் போன் போட்டு, "தொப்பை ரேட் என்ன?" என்று கேட்டார்கள். ஒருவராவது அவரிடம் "நீங்க யாரு, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? யாரைப் பார்த்துக் கேட்பார்கள்?

கடைசியில் மருமகளின் மேசைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய் இல்லாததால் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'என் தலை?'

"தேடிப் பார்க்கறேன் முதலாளி," என்றாள் அவள். "வெட்டினது எல்லாம் ஒரே இடத்துலதான் கிடக்கு. ஆனா அதுக்கு முன்னாடி நிறையப் பேரு வரிசையில நிக்கறாங்க. அவங்களுக்குக் குடுத்துட்டு உங்களுக்குத் தர்றேன்."

ஒவ்வொரு தலையாக அச்சடித்தாள். நான் ஒவ்வொன்றாக மாட்டினேன். டயர்க்காரி, தொட்டிக்காரி, சிமென்டுக்காரி, பனியன்காரி எல்லோரும் தத்தம் தலையைப் பெற்றுக்கொண்டு கண் விழித்தார்கள். ஊரெங்கும் நம்பர்கள் மறைந்தன. டயர்க்காரி எதிர்ப்புறம் நின்ற தொட்டிக்காரியைப் பார்த்து, "ஏம்மா, முதுகு வலிக்கலயா? எவ்வளவு நாளா இப்படி வளைஞ்சு நிக்கற?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தொட்டிக்காரி நிமிர்ந்து நின்று சோம்பல் முறித்தாள். தண்ணீர்த் தொட்டி வழக்கம் போலவே விற்றது. குடிக்கிறவனுக்குத் தண்ணீர்தானே வேண்டும்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, கம்ப்யூட்டரின் அந்த மூலையில் அடியில் கிடந்த முதலாளியின் தலையும் கிடைத்தது. கொஞ்சம் சுருங்கிப்போயிருந்தது. போட்டுக்கொண்டார்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஆம்பளைக்குத் தலை போனதை மட்டும் நம்ப முடியாதாம். தலை போன பெண்களைத் தினமும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள், போனில் குனிந்து பார்த்தவர்கள், அதை மட்டும் எப்படி நம்பினார்கள்? அங்கே ஏதோ ஒன்று குறைகிறது என்று ஒருவனுக்காவது உறுத்தியதா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு என் பல்லை எண்ணட்டும். எண்ணினால் ஒன்றும் மிஞ்சாது; நான் ஏணி ஏறியதாகச் சொன்ன இடத்திலேயே கொட்டத் தொடங்கிவிட்டன.

அந்தப் பலகையில் இன்றைக்கும் தலை இருக்க வேண்டிய இடத்தில் போன் நம்பர்தான் இருக்கிறது. என் மருமகள் இன்று காலையும் சாக்கடைச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போனாள்.